ஐபோன் 8-க்கு டிஸ்ப்ளே மாற்றிய கதையும் காணாமல் போன 3டி டச்சும்

போன மாதம் அம்மாவின் கையிலிருந்து ஐபோன் 8 நழுவி, வாசற்படியில் முகங்குப்புற விழுந்தது. போன் விழுந்த சத்தத்தைவிட அம்மா போட்ட சத்தம்தான் பெரிது. எடுத்துப் பார்த்தால் மேல் மூலையிலிருந்து கீழ்வரை சிலந்திவலை.

மறுநாள், இலங்கை மலைநாட்டில் எங்கள் பக்கத்து ஹட்டன் டவுனில் ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். ஒரிஜினல் இல்லை, கொப்பி டிஸ்ப்ளே இருக்கிறது, 8,500 ரூபாய் என்றார்கள். ஏழு வருடப் போனுக்கு அதற்கு மேல் செலவழிக்க யாருக்கு மனம் வரும்? சரி என்றேன். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, மரக்கறியும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. பழைய ஹோம் பட்டனையே கவனமாகக் கழற்றிப் புதுத் திரையில் மாட்டியிருந்ததால் கைரேகை வேலை செய்தது. சுற்றியுள்ள வெளிச்சத்துக்கேற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் போய்விட்டது, அது நான் எதிர்பார்த்ததுதான். வெளிச்சமும் நிறமும் குறை சொல்லும்படி இல்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிக்கோயா தாண்டுகிற நேரத்தில், பழக்க தோஷத்தில் கேமரா ஐகானை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். மேசைப் பலகையை அழுத்துவதுபோல் இருந்தது. விரலுக்கு அடியில் வழக்கமாக வரும் அந்தச் சின்ன ‘டக்’ வரவே இல்லை. 3டி டச், அதாவது விரல் எவ்வளவு பாரமாக அழுத்துகிறது என்று திரை உணரும் வசதி, செத்துவிட்டது.

இறங்கியதும் கடைக்குக் கோல் எடுத்தேன். “சேர், அது கொப்பி டிஸ்ப்ளேல வராது. அதயெல்லாம் இப்ப யாரு சேர் யூஸ் பண்றாங்க?” என்றான் பையன். முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தேன். நானும் கேட்கவில்லையே என்று நினைத்து விட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. யார் பயன்படுத்துகிறார்கள்? நான் பயன்படுத்தினேன், ஐந்து வருடம்.

2018-இல் கத்தாரிலிருந்து லீவில் வந்த அண்ணன் கொண்டுவந்த போன் இது. 2023 வரை என்னிடம் இருந்தது. பிறகு கைமாறிய ஐபோன் 11 ஒன்றை வாங்கிக்கொண்டு, 8-ஐ அம்மாவுக்குக் கொடுத்தேன். ஆக, அழுத்தத்தை உணரும் திரையோடு ஐந்து வருடமும், அது இல்லாத திரையோடு இரண்டு வருடத்துக்கு மேலும் குடித்தனம் நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கேமரா, பேட்டரி பற்றியெல்லாம் எழுதத் தொடங்கினால் விடிந்துவிடும். அவற்றை எல்லாரும் எழுதியாயிற்று.

2015 செப்டம்பரில் ஐபோன் 6எஸ்ஸோடு வந்தது 3டி டச். மேல் கண்ணாடியை விரல் அழுத்தும்போது, கண்ணாடிக்கும் அதன் பின்னாலுள்ள விளக்குத் தகட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி மயிரிழையிலும் குறைவாகச் சுருங்கும். அதை அளக்கும் உணரிகளைத் திரைக்குப் பின்னால் பதித்திருந்தார்கள். 129 கிராம் இருந்த ஐபோன் 6, அடுத்த வருடம் 6எஸ் ஆனபோது 143 கிராம் ஆனதற்கு இந்தத் திரையும் ஒரு காரணம். கொஞ்சம் அழுத்தினால் எட்டிப் பார்க்கலாம், இன்னும் அழுத்தினால் உள்ளே போகலாம். திரையை அந்தக் காலத்தில் தராசாகவே மாற்றிச் செயலி செய்து பார்த்தவர்களும் உண்டு. ஆப்பிள் அதைத் தன் ஸ்டோருக்குள் விடவில்லை. இந்தக் கதையை அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மழை ஈரம், சாக்கு என்று சொல்லி மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், கழித்த கிலோக்களை இன்னும் மறக்காதவர். “அப்பவே இது இருந்திருந்தா மடுவத்துக்குக் கையோட கொண்டு போயிருப்பேன்” என்றார்.

சரி, எனக்கு இதில் என்ன அப்படி ஒரு பற்று? ஒரே ஒரு விஷயம்தான். தமிழ் தட்டச்சு.

நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன். தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள், பெற்றோர் கூட்டத்துக்கு அறிவித்தல், யாராவது ஓய்வு பெற்றால் வாழ்த்துமடல் என்று பாதி வேலை போனில்தான் நடக்கிறது. நீளமான ஒரு சொல்லின் நடுவில் ‘ள’ போட வேண்டிய இடத்தில் ‘ல’ விழுந்துவிட்டது என்று வையுங்கள். விரல் நுனியால் தொட்டு அந்த எழுத்துக்குப் பக்கத்தில் கர்சரை நிறுத்துவது ஊசியில் நூல் கோர்க்கிற வேலை. 8-இல் அந்தப் பிரச்சினையே இல்லை. விசைப்பலகையில் எந்த எழுத்தின்மேல் விரல் இருக்கிறதோ அங்கேயே அழுத்தினால் போதும். பலகை முழுவதும் சாம்பல் பூத்து ட்ராக்பேட் ஆகிவிடும். விரலை இழுத்துப் போய் நிறுத்தலாம். அங்கேயே இன்னொரு அழுத்து அழுத்தினால் சொல் முழுதும் தெரிவாகிவிடும். விரலை எடுக்கவே தேவையில்லை. ஒரு வினாத்தாளுக்கு ஐம்பது அறுபது தடவை இதைச் செய்திருப்பேன். கைக்குத் தெரியும், மூளைக்குத் தெரியாது. அப்படியொரு பழக்கம் அது.

11-இலும் இது இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஸ்பேஸ் பட்டையில் விரலை வைத்துக் காத்திருக்க வேண்டும். பிறகு இழுக்கலாம். சொல்லைத் தெரிவுசெய்ய இன்னொரு விரலால் தட்ட வேண்டும். ஒரு கையில் குடை, மறு கையில் போன் என்று பஸ்ஸுக்கு நிற்கிற ஆளுக்கு இன்னொரு விரலுக்கு எங்கே போவது? இந்தப் பக்கம் வருடத்தில் பாதி நாள் தூறல். ஈரத் திரையில் விரலை வைத்துக் காத்திருந்தால் அது நிற்காமல் வழுக்கும். போன் அதை ஸ்க்ரோல் என்று எடுத்துக்கொள்ளும். அழுத்தம் என்றால் விரல் வழுக்குவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

காத்திருப்பு என்று நான் சொல்வது அரை வினாடி போலத்தான். அதற்கா இவ்வளவு புலம்பல் என்று என் மனைவியும் கேட்டுவிட்டாள். அரை வினாடி பெரிதில்லை. அந்த அரை வினாடியில் ‘வருமா, வராதா’ என்று திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அதுதான் எரிச்சல். 3டி டச்சில் நான் கட்டளை போட்டேன், போன் செய்தது. 11-இல் அதற்குப் பதிலாக இருக்கிற, அழுத்திப் பிடித்துக் காத்திருக்கும் ஹாப்டிக் டச்சில் போன் யோசித்து முடிக்கும்வரை நான் நிற்கிறேன். செட்டிங்ஸில் வேகம் கூட்டலாம். கூட்டிப் பார்த்தேன். அப்புறம் ஒரு படத்தைக் கடந்து போவதற்காக விரலை வைத்தாலே மெனு முளைக்கிறது. மறுபடி குறைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு சின்ன சுகங்கள். பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பது மணிக்கு வரும் செய்திகளை, நீல டிக் விழாமல் லேசாக அழுத்தி எட்டிப் பார்த்துவிட்டு விரலை எடுத்துவிடலாம். அழுத்திப் பிடித்தால் 11-இலும் பார்க்கலாம், மறுக்கவில்லை. ஆனால் எட்டிப் பார்ப்பதில் ஒரு கள்ளத்தனம் வேண்டாமா? இரண்டாவது டோர்ச். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் டோர்ச் ஐகானை ஓர் அழுத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கடைசிப் படிக்கு இறக்கி, பேட்டரியைச் சேமித்துச் சமையல் நடந்த வீடு இது. அந்த வருடம் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதில் புதுப் போன் பற்றிய நினைப்பையே எல்லாரும் மூட்டை கட்டினோம். 8-ஐ நான் அவ்வளவு காலம் வைத்திருந்ததற்குப் பாசம் பாதி, பணம் பாதி.

இனி மறுபக்கம். கோபத்தில் எழுதினாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

இந்த வசதி இருப்பதைத் திரை ஒருநாளும் சொல்லவில்லை. எந்த ஐகானை அழுத்தினால் ஏதாவது நடக்கும், எதில் நடக்காது என்று காட்ட ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஐபேடில் இது வரவே இல்லை. 2016-இல் வந்த ஐபோன் எஸ்இ-யில் இல்லை. 2018-இல் எக்ஸ்ஆரிலும் இல்லை. பாதிப் போன்களில் இல்லாத ஒன்றுக்காகச் செயலி செய்கிறவன் ஏன் மெனக்கெட வேண்டும்? 2019-இல் 11 வரிசை முழுவதிலும் எடுத்துவிட்டார்கள். அதே வருடம் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 13, பழைய போன்களிலும் இந்த மெனுக்களை அழுத்திப் பிடித்தாலே வருகிற மாதிரி மாற்றியது. அடுத்த வருடம் ஆப்பிள் கைக்கடிகாரத்தில் இருந்த இதே மாதிரி வசதியும் போயிற்று. என் சக ஆசிரியர்களில் 7, 8, எக்ஸ் வைத்திருந்தவர்கள் நாலைந்து பேர். விசைப்பலகையை அழுத்திக் காட்டினால் மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இரண்டு மூன்று வருடமாகக் கையில் வைத்திருந்த பொருள்!

ரிப்பேர் விஷயமும் இருக்கிறது. திரையில் எத்தனை அடுக்கு கூடுகிறதோ, உடைந்தால் அத்தனை தலைவலி. 2018-இல் ஐஓஎஸ் 11.3 போட்டதும், வெளிக்கடைகளில் திரை மாற்றிய சில 8-களில் டச்சே செத்துப்போய், 11.3.1 வந்த பிறகுதான் உயிர் வந்தது. அதனால்தான் அம்மாவின் போனைக் கடைக்குக் கொடுக்கும்போதே வயிற்றில் புளி கரைந்தது. என் 11 உடைந்தால் கவலைப்பட ஒரு விஷயம் குறைவு.

இதுவரை எழுதியதை நானே ஒப்புக்கொண்டு முடித்திருப்பேன். ஆனால் அம்மா கெடுத்துவிட்டார்.

டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்த நாலாம் நாள், கேட்காமலே சொன்னார்: “தம்பி, இப்பத்தான் இந்தப் போன் நல்லா வேல செய்யுது. முன்னயெல்லாம் ஒன்னத் தொட்டா வேற என்னமோ வந்து நிக்கும்.”

எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அம்மாவின் விரல் நுனிகள் காய்ந்து தடித்தவை. லேசாகத் தொட்டால் திரை கண்டுகொள்ளாது. அதனால் அவர் தொடுவதே இல்லை, குத்துவார். கொழுந்து கிள்ளுகிற கை அல்லவா, பாரமாகப் படும், உடனே எடுத்துவிடும். நேரம் எடுப்பதே இல்லை. 3டி டச் அந்தப் பாரத்தைப் பார்த்து ‘ஓ, அழுத்துகிறார்’ என்று மெனுவைத் திறந்துவிடும். கொப்பி டிஸ்ப்ளேக்குப் பாரம் தெரியாது, நேரம் மட்டும்தான் தெரியும். நேரக் கணக்கில் அம்மாவை யாரும் பிடிக்க முடியாது. எனக்கோ நேர்மாறு. லேசான விரல், தயங்கித் தயங்கித் தொடுவேன். நேரத்தை அளக்கிற போன் என் தயக்கத்தை ஒவ்வொரு முறையும் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது.

செட்டிங்ஸில் போய் 3டி டச்சை அணைத்துக் கொடுத்திருக்கலாம். பத்து வினாடி வேலை, எனக்கு நன்றாகவே தெரியும். அம்மா இரண்டு வருடம் “என்னமோ வந்து நிக்குது” என்று சொல்லும்போதெல்லாம் “மெதுவா தொடுங்கம்மா” என்று பாடம் எடுத்தேனே தவிர, அணைக்க மனம் வரவில்லை. என் போன் என்ற நினைப்பு போகவில்லை போலிருக்கிறது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

தலவாக்கலையிலிருந்து என் நண்பன் போன வாரம் கேட்டான்: “எக்ஸ்எஸ் ஒன்னு சல்லிசா வருது மச்சான், உன் 3டி டச்சும் இருக்கு. எடுக்கவா, 11-ஏ எடுக்கவா?” யோசிக்காமல் 11 என்றேன். எக்ஸ்எஸ் ஐஓஎஸ் 18-ஓடு நின்றுவிட்டது. 11-க்கு அதற்கு அடுத்த பதிப்பான ஐஓஎஸ் 26 வந்திருக்கிறது. அழுத்துகிற சுகத்துக்காகப் பழைய போனில் காசைப் போடாதே, ஆப்பிள் அதை எடுத்துவிட்டது தப்பே இல்லை, யாருக்கும் தெரியாத வசதி அது என்று நீளமாக அறிவுரையும் சொன்னேன். “பிறகு ஏன்டா இவ்வளவு நாள் புலம்புன?” என்று கேட்டான். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உண்மையில் ஒரு வழி இருக்கிறது. 11-ஐ அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, 8-க்கு நல்ல திரை போட்டு நான் எடுத்துக்கொள்ளலாம். சொல்லிப் பார்த்தேன். 11-ஐக் கையில் வாங்கி, கீழ்ப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல அந்த வட்ட பட்டன் இல்லையே” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நேற்றுக் கடைப் பையன் கோல் எடுத்தான். மதர்போர்ட் பழுதாகிப்போன ஒரு 8-இலிருந்து கழற்றிய ஒரிஜினல் டிஸ்ப்ளே வந்திருக்கிறதாம், கீறல் கொஞ்சம் இருக்கிறதாம், 3டி டச் வேலை செய்கிறதாம். எடுத்து வை, சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்தப் போனில் போடப் போகிறேன் என்று அவன் கேட்கவில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.