வீடியோவை நேரே அனுப்புவதா, இணைப்பாகவா?

கோணேசர் கோயில் திருவிழா வீடியோவை கனடாவில் இருக்கும் மாமிக்கு எப்படி அனுப்புவது? வாட்ஸ்அப்பில் நேரேயா, யூடியூப்பில் ஏற்றி அதன் இணைப்பையா (லிங்க்)? திருகோணமலையில் பலருக்கும் இந்தக் குழப்பம்தான்.

தெளிவு: வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டில் அடிக்கும் அலை நுரை வெறும் வெள்ளைப் பூச்சாகத் தெரியும். ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை அசலாகவே போகும். யூடியூப் இணைப்பில் பார்ப்பவரே தரத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

இடம்: நேரே அனுப்பினால் அவர்கள் போன் நிரம்பும். இணைப்பு ஒரு வரிதான்.

ஆயுள்: போனில் இறங்கியது இணையம் இல்லாமலும் ஓடும். இணைப்போ, யூடியூப்பில் நீங்கள் வீடியோவை அழித்தால் போச்சு.

அந்தரங்கம்: யூடியூப்பில் ‘அன்லிஸ்டட்’ (பட்டியலில் காட்டாதது) போட்டால் தேடலில் வராது, ஆனால் இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம். சாமத்திய வீட்டு வீடியோவுக்கு அது எனக்குச் சரிப்படாது.

அம்மம்மாவுக்கு அரை நிமிட நிலாவெளிக் கடலா? நேரே அனுப்புங்கள். முழுத் திருவிழாவும் ஊர்ச் சனத்துக்கெல்லாம் என்றால் இணைப்பு.