பிளக்கில் மாட்டும் எலி விரட்டி: காசு கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

“பிளக்கில் மாட்டினால் போதும், 2000 சதுர அடிக்குள் எலி, கரப்பான், பல்லி எதுவும் தலைகாட்டாது” என்று விற்கும் மீயொலிக் கருவியில், அதாவது நம் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியை எழுப்பும் கருவியில், பணத்தை விட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு நடப்பது ஏறக்குறைய ஒரே மாதிரிதான். மாட்டிய இரண்டு மூன்று நாள் சமையலறையில் சத்தம் குறையும். சந்தோஷத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவார்கள். ஒரு வாரம் போனதும் அரிசி மூட்டை ஓரத்தில் புதுப் புழுக்கை கிடக்கும். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும். விற்றவரைக் கேட்டால், “ரூமுக்கு ஒன்று மாட்டணும் சார், இன்னும் இரண்டு வாங்குங்க” என்பார்.

முதல் சில நாள் குறைந்தது நிஜம். பெரிய எலி, தன் பாதையில் புதிதாக எதைப் பார்த்தாலும் சில நாள் ஒதுங்கிப் போகும். அங்கே காலி டப்பாவை வைத்தாலும் அப்படித்தான். சுண்டெலிக்கு அந்தத் தயக்கம் குறைவு. புதுச் சத்தம் அதை மிரட்டினாலும், பக்கத்தில் தீனி இருந்தால் சில நாளில் பழகிவிடும். இந்த இடைவெளியை வைத்துத்தான் வியாபாரம் ஓடுகிறது.

சுண்டெலிக்கு 90 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கு 20 வரைதான் என்பதும் உண்மை. ஆனால் அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் காற்றில் சீக்கிரம் வலுவிழக்கும். சுவரைத் தாண்டாது, பீரோ, மூட்டை, ஃபிரிட்ஜ் எது குறுக்கே நின்றாலும் அதன் பின்பக்கம் போய்ச் சேராது. பிளக் பாயிண்ட் இருப்பது மேடைக்கு மேலே, எலி ஓடுவது மேடைக்கு அடியிலும் பரணிலும். “வயரிங் வழியாக மின்காந்த அலை போகும்” என்பது வெறும் விற்பனைப் பேச்சு. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001-லேயே, ஆதாரமில்லாமல் இப்படி விளம்பரம் செய்யக்கூடாது என்று இந்தக் கருவிகளைத் தயாரிப்பவர்களும் விற்பவர்களுமாக 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

செல்போன் ஆப்பில் சோதித்துப் பார்ப்பதும் பிரயோசனமில்லை. போன் மைக் பெரும்பாலும் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பதிவு செய்யாது. அதனால் கருவி வேலை செய்கிறதா, வெறும் விளக்கு மட்டும் எரிகிறதா என்று வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை.

புதினா எண்ணெய் ஸ்பிரேயும் இதே கதை. மூக்கை அடிக்கும் நெடி இருக்கும்வரை எலி ஒதுங்கும். நம்மூர் வெக்கையில் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். பாச்சை உருண்டையை அறை முழுக்கப் போடச் சொன்னால் கேட்காதீர்கள். எலி பெரிதாகச் சட்டை செய்யாது, ஆனால் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைக்கு அதிலுள்ள நாஃப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

பெயரில்லாத பொட்டலத்தில் “மூலிகை மருந்து” கொண்டுவருபவரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அது சாம்பல்கறுப்புத் தூளாக இருந்தால் ஜிங்க் பாஸ்பைடு என்ற எலி விஷமாக இருக்கலாம். ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற விஷ வாயு வரும், அதற்கு முறிமருந்து கிடையாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் எலி மருந்து வைத்துவிட்டுப் போன வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். டப்பாவில் பதிவு எண்ணும் விஷத்தின் கடுமையைக் காட்டும் நிற முக்கோணமும் இல்லாத எலி மருந்தைத் தொடவே வேண்டாம்.

அந்தப் பணத்தை ஓட்டை அடைக்கச் செலவிடுங்கள். பென்சில் நுழையும் துளையில், அதாவது சுமார் 6 மில்லிமீட்டரில், சுண்டெலி நுழைந்துவிடும். ராத்திரி ஒவ்வொரு துளையிலும் செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகுங்கள். காலையில் எது வெளியே தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான் நடமாட்டமுள்ள வழி. அதில் ஸ்டீல் ஸ்க்ரப்பரை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கித் திணித்து, மேலே சிமெண்ட் பூசுங்கள். சாதா இரும்பு நார் ஈரத்தில் துருப்பிடித்து உதிரும். ஏசி குழாய்த் துளையில் அடிக்கும் ஃபோமையும் தெர்மாகோலையும் எலி கடித்துத் துப்பிவிடும். வேலை செய்ய வந்தவர் அதோடு முடித்தால் பணம் கொடுக்குமுன் கம்பி வலை வைக்கச் சொல்லுங்கள். சிங்க் குழாய் தரையில் இறங்கும் இடத்தைப் பலர் பார்ப்பதே இல்லை, அங்கேயும் வழி இருக்கும். கதவடிக்கு ரப்பர் வேண்டாம், அலுமினியப் பட்டை அடியுங்கள்.

அடைத்த அன்றே உள்ளே மாட்டிக்கொண்ட எலிக்குப் பொறி வையுங்கள். சுவரோரமாக, தீனி முனை சுவரைத் தொடும்படி, 2 அல்லது 3 மீட்டருக்கு ஒன்று. சுட்ட தேங்காய்ச் சில்லு, கருவாடு, நிலக்கடலை எதுவும் ஆகும்.

ஏற்கெனவே கருவி வாங்கி ஏமாந்தவர்கள் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். பில், “2000 சதுர அடி” என்று அச்சிட்ட பக்கம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். விற்பனைப் பக்கம் மாறுவதற்குள் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துவிடுங்கள்.