400 மீட்டர் ஐஸ் தடம்: ரிச்மண்டா, பெய்ஜிங்கா, ரோவா?

குளிர்கால ஒலிம்பிக் நடத்தும் ஊருக்குப் பெரிய தலைவலி ஸ்பீடு ஸ்கேட்டிங், அதாவது ஐஸில் வேகமாகச் சறுக்கும் பந்தயத்துக்கான அரங்கம்தான். தடம் 400 மீட்டர் நீள்வட்டம். அதன் நடுவில் மட்டுமே இரண்டு ஐஸ் ஹாக்கி தளங்கள் அடங்கிவிடும். போட்டி நாட்களில் கூட்டம் அலைமோதும். அப்புறம்? நெதர்லாந்து போல அந்த விளையாட்டுக்காக உயிரை விடும் நாடு என்றால் கவலையில்லை. மற்றவர்களுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

2010 வான்கூவர் போட்டிக்கான ஓவலை, அதாவது இந்த நீள்வட்டத் தடத்துக்கான அரங்கத்தை, முதலில் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் கட்டுவதாக இருந்தார்கள். செலவு எகிறியதால் 2004இல் அது பக்கத்து ஊரான ரிச்மண்டுக்கு வந்தது. சுமார் 17.8 கோடி கனடா டாலர் ஆனது. இதில் எனக்குப் பிடித்தது கூரை. பிரிட்டிஷ் கொலம்பியா காடுகளைப் பைன் வண்டு காலி செய்துகொண்டிருந்த நேரம் அது. பட்டுப்போன மரங்களில் அறுத்த சாதாரண சட்டங்களை அலை அலையாகக் கோத்து, ஏறக்குறைய 100 மீட்டர் அகலத்துக்குக் கூரை போட்டார்கள். போட்டி முடிந்ததும் நீள்வட்டத் தடத்தையே எடுத்துவிட்டார்கள்! இன்று உள்ளே இரண்டு ஹாக்கி தளங்கள், பந்து விளையாட்டு மைதானங்கள், ஓட்டப் பாதை, உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் உண்டு. கட்டும்போதே இதற்கும் சேர்த்துத் திட்டம் போட்டிருந்ததால் இடிக்கும் வேலை இல்லை.

2022இல் பெய்ஜிங் போன வழி வேறு. 2008 கோடை ஒலிம்பிக்கில் ஹாக்கியும் வில்வித்தையும் நடந்த இடத்தில் நிரந்தர அரங்கம். சுமார் 12,000 சதுர மீட்டர் ஐஸ். குளிரூட்டக் கார்பன் டைஆக்சைடு. ஐஸின் தரத்தில் குறை சொல்ல முடியாது. உலக சாதனைகள் வழக்கமாகக் காற்று அடர்த்தி குறைந்த உயரமான ஊர்களில்தான், அதாவது சால்ட் லேக் சிட்டியிலும் கால்கரியிலும்தான், விழும். தாழ்வான பெய்ஜிங்கில் ஸ்வீடனின் நில்ஸ் வான் டெர் பூல் 10,000 மீட்டரை 12 நிமிடம் 30.74 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தார். ஆனால் இவ்வளவு பெரிய ஐஸ் தளத்தை உறைய வைத்துக்கொண்டே இருக்க அரசாங்கத்தின் பணப்பை வேண்டும். சாதாரண நகராட்சிக்குக் கட்டுப்படியாகாது.

இத்தாலியின் 2026 மிலானோ-கோர்டினா ஒலிம்பிக்குக்கு முதலில் நினைத்தது பசெல்கா தி பினே என்ற மலை ஊரின் திறந்தவெளித் தடத்தை. கூரை போடும் செலவு ஏறியதால் 2023இல் அது கைவிடப்பட்டது. மிலான் அருகே ரோவில் உள்ள கண்காட்சி மண்டபத்துக்குள் தற்காலிகத் தடம் போட முடிவானது. போட்டி முடிந்தால் ஐஸைக் கழற்றிவிட்டு மண்டபம் பழைய வியாபாரத்துக்குத் திரும்பலாம். வேடிக்கை என்னவென்றால், டூரினில் 2006 ஒலிம்பிக்குக்குக் கட்டிய ஓவலும் பின்னாளில் கண்காட்சி மண்டபமாகத்தான் ஆனது. அதைத் தருகிறோம் என்று டூரின் கேட்டும் பார்த்தது, எடுபடவில்லை.

ஸ்கேட்டிங் பழக்கம் இல்லாத ஊர் என்றால் ரோ வழியைத்தான் சொல்வேன். விளையாட்டு வசதிக்கு ஏங்கும், வளர்ந்துவரும் ஊர் என்றால் ரிச்மண்ட். ஆனால் அடுத்த பயன்பாடு கட்டட வரைபடத்திலேயே இருக்க வேண்டும். 2018 போட்டிக்குத் தென்கொரியாவின் காங்னங்கில் கட்டிய ஓவலை என்ன செய்வது என்று போட்டி முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள்.