நேர்மைப் பயிற்சி: கர்மயோகியா, நேரடி வகுப்பா?

நேர்மைப் பயிற்சியை அரசு ஊழியர்களுக்கான இணையவழிப் பயிற்சித் தளமான ஐகாட் கர்மயோகியில் கொடுப்பதா, நேரடி வகுப்பில் கொடுப்பதா? மத்திய அரசு அலுவலகங்களில் பயிற்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வரும் குழப்பம் இது.

செலவு: ஐகாட் கர்மயோகி தளத்தில் ஊழியருக்குக் கட்டணமில்லை. வகுப்பென்றால் பயணப்படி, பயிற்றுநர் என்று செலவு உண்டு.

வசதி: கர்மயோகிப் பயிற்சியைக் கைப்பேசியிலேயே முடிக்கலாம். வகுப்புக்கு அன்றைய வேலையை நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.

மனதில் நிற்பது: இதுதான் முக்கியம். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964 நடத்தை விதிகளில் அன்பளிப்பு பற்றிய 13ஆம் விதியைத் திரையில் படித்துவிடலாம். சரி, தீபாவளிக்கு ஒப்பந்ததாரர் பெட்டியோடு வந்து நின்றால் எப்படி மறுப்பது? மேலதிகாரி வாய்மொழியாகத் தவறான உத்தரவு போட்டால்? வகுப்பில் சக ஊழியர்களோடு பேசிப் பார்த்தால்தான் துணிச்சல் வரும்.

புதிதாகச் சேர்ந்தவர்கள் விதிகளைத் தெரிந்துகொள்ளக் கர்மயோகி போதும். கொள்முதல், உரிமம் பார்ப்பவர்களுக்கு வகுப்பையே சொல்வேன். அக்டோபர் 31-ஐ ஒட்டி வரும் ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரத்தில் நடத்தலாம்.