ஓய்வுக்குப் பின் பொழுதுபோக்கை எழுத எது நல்ல இடம்: முகநூலா, யூடியூபா, வலைப்பூவா, புத்தகமா?

வேலையை விட்ட பிறகு செடி வளர்ப்பு, சமையல், பறவை பார்ப்பது, அஞ்சல்தலை என்று ஏதாவது ஒன்றில் முழுமூச்சாக இறங்குகிறவர்கள் சிங்கப்பூர்த் தமிழரிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியாது. "இதையெல்லாம் எழுதி வையுங்களேன்" என்றால், "எங்கே எழுதுறது?" என்றுதான் கேட்கிறார்கள். என் ஓட்டு வலைப்பூவுக்கு. ஆனால் மற்றவை அதை மிஞ்சும் இடங்களும் உண்டு.

செடி வளர்ப்பையே எடுத்துக்கொள்வோம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற ஊர்க் கணக்கு இங்கே எடுபடாது. ஆண்டு முழுவதும் வெயிலும் உண்டு, மழையும் உண்டு. டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் பெய்யும்போது தொட்டிக் கறிவேப்பிலைக்கு வேர் அழுகும் ஆபத்து. பிப்ரவரியில் அதே செடி காய்ந்து தவிக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசல் தாழ்வாரத்தில் தொட்டி வைத்தால் தீப்பாதுகாப்புக்காக 1.2 மீட்டர் வழி விட வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். தமிழ்நாட்டு மாடித்தோட்டக் காணொளிகள் எத்தனை பார்த்தாலும் இந்த விவரங்கள் கிடைக்காது. இங்கே பல வருஷம் வளர்த்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு, அடுத்து தொட்டி வாங்குகிறவர் கைக்கு எந்த வழியில் போய்ச் சேரும்? நான் அதை வைத்துத்தான் நான்கையும் எடைபோடுகிறேன்.

முகநூல், வாட்ஸ்அப் பக்கம் முதலில். உடனடித் துணை என்றால் இவற்றை அடிக்க ஆளில்லை. முருங்கை முதல் பூ விட்ட படத்தைக் காலையில் போட்டால், மதியத்துக்குள் பத்துப் பேர் வாழ்த்துவார்கள். ஒருவர் விதை கேட்பார், இன்னொருவர் தன் செடி ஏன் பூக்கவில்லை என்று கேட்பார். வேலைக்குப் போன நாட்களில் தினமும் நாலு பேரைப் பார்த்துப் பழகியவருக்கு இது பெரிய ஆறுதல், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். சிக்கல் என்னவென்றால், நல்ல குறிப்பு இரண்டே நாளில் கீழே போய்விடும். அடுத்த வருஷம் ஒருவர் கூகுளில் தேடினால், மூடிய குழுவுக்குள் எழுதியது அவர் கண்ணில் படாது. முகநூல் நேரலைக் காணொளிகளோ, 2025 பிப்ரவரியிலிருந்து, 30 நாளில் நீக்கப்படுகின்றன. வாட்ஸ்அப் இன்னும் மோசம். கைப்பேசி மாற்றும்போது எத்தனையோ பேரின் சமையல் குறிப்புகள் அப்படியே போயிருக்கின்றன.

யூடியூப் வெல்லும் இடம் கைவேலை. பூக்கட்டுவதை எழுத்தில் விளக்கிப் பாருங்கள்: நார் எந்த விரலைச் சுற்றி வருகிறது, முடிச்சு எப்போது இறுகுகிறது என்று ஒரு பக்கம் எழுதினாலும் படிப்பவருக்குப் பிடிபடாது. அரை நிமிடம் கையைக் காட்டினால் போதும். கோலம், வீணை, பதியம் போடுவது எல்லாம் இந்த வகை. ஆனால் வெளிச்சம், ஒலி, வெட்டி ஒட்டுவது என்று வேலை அதிகம். வெளியிட்ட காணொளியில் ஒரு அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அந்த இடத்தில் புதிதாகப் பேசிச் சேர்க்கவும் முடியாது. வலைப்பூவில் ஒரு வரியைத் திருத்தினால் முடிந்தது. விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் கேட்கிறார்கள். அதை நம்பி இறங்க வேண்டாம்.

சரி, வலைப்பூ. பிளாகர் என்ற இலவச வலைப்பூத் தளம் 1999-இல் தொடங்கியது, 2003-இல் அதை கூகுள் வாங்கியது, இன்னும் இயங்குகிறது. அதே கூகுள் 2011-இல் ஆரவாரமாகத் தொடங்கிய கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளமோ 2019-இல் மூடப்பட்டது. அறுபதைத் தாண்டியவர் இன்னும் இருபது வருஷம் எழுதலாம், அதனால் நீடிக்கும் இடமாகப் பார்ப்பது முக்கியம். வேர்ட்பிரஸ் என்ற இன்னொரு வலைப்பூத் தளம் பார்க்க அழகு, ஆனால் இலவசக் கணக்கில் அவர்கள் விளம்பரம் வரும், சொந்த இணைய முகவரி வைக்கக் காசு கட்ட வேண்டும். பிளாகரில் சொந்த முகவரியை இணைக்க கூகுள் கட்டணம் வாங்குவதில்லை, முகவரியைப் பதிவு செய்யும் ஆண்டுச் செலவு மட்டும்தான். தோற்றம் பழையதுதான், ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் பிளாகரையே சொல்வேன்.

முகவரி வாங்கினால், சிங்கப்பூரைக் குறிக்கும் .எஸ்ஜி (.sg) என்று முடிவதாக வாங்குங்கள். 2019 முதல் தேசிய நூலக வாரியம் .எஸ்ஜி தளங்களைத் திரட்டித் தன் இணையக் காப்பகத்தில் சேர்க்கிறது. தாழ்வாரத்துக் கறிவேப்பிலை பற்றி நீங்கள் எழுதியதும் நாட்டின் ஆவணத்தில் இடம்பெற வாய்ப்புண்டு. எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயம்.

எழுதும்போது விவரத்தோடு எழுதுங்கள். "கறிவேப்பிலை நன்றாக வளர்கிறது" என்பதால் யாருக்கும் பயனில்லை. "ஏழாம் மாடி, மேற்கு பார்த்த தாழ்வாரம், பிற்பகலில் மூன்று மணிநேர வெயில். ஜனவரியில் இலை மஞ்சளானது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடித்துளை மண்ணால் அடைபட்டிருந்தது" என்று எழுதினால் வேறொரு வட்டாரத்தில் இருப்பவர் தன் தொட்டியைப் போய்ப் பார்ப்பார். 'கறிவேப்பிலை', 'மழைக்காலம்' என்று குறிச்சொல்லும் போட்டு வைத்தால் தேடுவது சுலபம்.

தட்டச்சு தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. 1990களில் எழுத்துரு ஒத்துப்போகாமல் தவித்த காலத்தில், தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்ட முன்னோடி நா. கோவிந்தசாமி நம் ஊர்க்காரர். தமிழ் இணைய மாநாடு 1997-இல் இங்கேதான் நடந்தது. இன்று கைப்பேசியிடம் தமிழில் பேசினாலே எழுத்தாகிவிடுகிறது, பிழை திருத்தினால் போதும். கைப்பேசியே புதிது என்றால் சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மூத்தோருக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்கள்.

புத்தகம் கையில் பிடித்துப் பார்க்கும் மகிழ்ச்சியைத் தரும். பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாம், இங்கே வெளியிட்டால் 2 பிரதிகள் தேசிய நூலக வாரியத்துக்குப் போய்ச் சேரும். ஆனால் வண்ணப் படங்களுக்குச் செலவு கூடும், அச்சான பிறகு திருத்த முடியாது. அதை முதலில் செய்யாதீர்கள். சில வருஷம் வலைப்பூவில் எழுதி, நல்லதைப் பொறுக்கி அச்சுக்குக் கொடுங்கள்.

முகநூலை விட வேண்டியதில்லை. வலைப்பூவில் எழுதிவிட்டு இணைப்பை அங்கே பகிருங்கள். பூக்கட்டும் காணொளியை யூடியூபில் ஏற்றி, அளவும் குறிப்பும் வலைப்பூவில் வையுங்கள்.

அப்புறம், 2 வருஷம் பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கலாம், வலைப்பூவும் சேர்ந்தே போய்விடக்கூடும். கணக்கு அமைப்பில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற பகுதியில் மகன், மகள், நண்பர் என்று 10 பேர் வரை குறிப்பிடலாம். நீங்கள் எத்தனை மாதம் நுழையாமல் இருந்தால் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும் என்பதையும் அங்கேயே முடிவு செய்யலாம். முதல் பதிவு எழுதும் அன்றே இதையும் செய்துவிடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை வலைப்பூ முழுவதையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.