அவசரம் காட்டாத கண் பரிசோதனை

கருவியில் நாடியை (முகவாயை) வைத்தவுடன் வருகின்ற இலக்கத்தையே எழுதிக் கொடுத்து, அடுத்த நிமிடமே பிறேம் தெரிவு செய்ய அனுப்பிவிடும் கடைகளுக்குப் பழகியிருந்த எங்களுக்கு, யாழ் நகரிலுள்ள இந்தச் சிறிய கண்பார்வைப் பரிசோதனை நிலையம் புதிய அனுபவமாக இருந்தது. கருவி காட்டிய இலக்கத்தைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொண்ட பரிசோதகர், சோதனைக்கான கண்ணாடிச் சட்டகத்தில் வில்லைகளை ஒவ்வொன்றாக மாற்றி, "முதலாவதா, இரண்டாவதா தெளிவு? ஆறுதலாச் சொல்லுங்கோ அம்மா" என்று பொறுமையாகக் கேட்டார்.

அம்மாவுக்கு நீரிழிவு இருப்பதை அறிந்ததும் அவர் கண்ணாடி விற்க முற்படவில்லை. இரத்தச் சர்க்கரை ஏறியிறங்கும் காலத்தில் கண்வில்லையின் நீர்த்தன்மை மாறிப் பார்வை இலக்கமும் மாறக்கூடும் என்பதால், அது ஒரு நிலைக்கு வந்த பின்னர் கண்ணாடி செய்வதே நல்லது என்றார். கண் அழுத்தத்தையும் அளந்தார். பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பானது என்றாலும், அந்த எல்லைக்குள் இருப்பவர்களுக்கும் குளோகோமா எனும், பார்வை நரம்பைப் பாதிக்கும் கண் நோய் வரலாம் என விளக்கினார். நீரிழிவு உள்ளவர்களின் விழித்திரையை ஆண்டுதோறும் கண் வைத்தியரே பார்க்க வேண்டும் என்று கூறி, போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்குக் கடிதமும் தந்தார். தன் தொழிலின் எல்லையை அறிந்த இந்த நேர்மையே என்னை மிகவும் கவர்ந்தது.

குறை இல்லாமலில்லை. முன்பதிவு வசதி கிடையாது; மாலையில் காத்திருப்பு நீளும். பிறேம்களும் சொற்பம், அவற்றில் விலை ஒட்டப்படவில்லை. பழைய கண்ணாடியையும் மருந்துச் சீட்டுகளையும் கையோடு கொண்டு செல்வது நல்லது. அவர் இரண்டையும் கேட்பார்.