‘ஹிம்’, ‘ஹெர்’ பழக்கும் அட்டைகள்: வாங்கலாமா?

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பாடத்தில் இங்கிலீஷ் என்று வளர்கிற பிள்ளைகள். அவர்களுக்காகப் பொள்ளாச்சியில் 240 ரூபாய்க்கு இந்த அட்டைகளை வாங்கினேன். மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் என்ற ஆப்ஜெக்ட் புரொனவுன்களை, அதாவது ‘அவனை’, ‘அவளை’ மாதிரி செயப்படுபொருளாக வரும் பிரதிப்பெயர்களை, வாக்கியத்துக்குள் கண்டுபிடிக்க வைப்பதுதான் இதன் வேலை.

அட்டையில் ஒரு படம், கீழே ஒரு வாக்கியம். சரியான சொல்லின் மேல் பிள்ளை சிவப்பு வளையத்தை வைக்க வேண்டும். விடை பின்பக்கம். ஒரே வாக்கியத்தில் இரண்டு புரொனவுன் வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘ஷி கால்டு ஹிம்’ அட்டையில் ஒரு பையன் வளையத்தை ‘ஷி’ மேல் வைத்தான். “அவ யாரைக் கூப்பிட்டா?” என்று கேட்டேன். “அவனை” என்றவன், உடனே வளையத்தை ‘ஹிம்’ மேல் நகர்த்தினான். அந்த ‘ஐ’ உருபு பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது, மலையாளத்திலும் ‘அவனெ’தான். யாரை, எதை என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். கூட வரும் குறிப்புத் தாளோ ‘வினைச்சொல்லுக்குப் பின்னால் பார்’ என்று மட்டும் சொல்கிறது. வினையைக் கடைசியில் வைத்துப் பேசுகிற நம் பிள்ளைகளுக்கு அது போதாது.

‘ஐ கேவ் ஹிம் எ மேங்கோ’ மாதிரி அட்டைகளை முதலிலேயே பிரித்து வைத்துவிடுங்கள். அங்கே ‘யாருக்கு’ என்று கேட்க வேண்டும். அவனை, அவனுக்கு இரண்டுக்கும் இங்கிலீஷில் ‘ஹிம்’தான் என்பதை ‘யாரை’ நன்றாகப் படிந்த பிறகு சொல்லலாம்.

பெரிய குறை ‘ஹெர்’ அட்டைகள். ‘ஐ சா ஹெர்’, ‘ஐ சா ஹெர் பேக்’ இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டாவதில் பார்த்தது பையை. ‘ஹெர்’ அவளுடைய என்று உடைமையைத்தான் காட்டுகிறது. விடைப் பக்கத்தில் ‘வளையம் வேண்டாம்’ என்று போட்டவர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பிள்ளை அங்கேதான் திகைத்து நிற்கிறது. எழுவாயாக வந்தாலும் வடிவம் மாறாத யூ, இட் இரண்டுக்கும் இன்னும் நிறைய அட்டைகள் வேண்டும்.

படங்களில் பனிமனிதனும் சறுக்கு வண்டியும். தென்னந்தோப்பு, ஆடு, பஸ் என்று நானே பழைய காலண்டர் அட்டையில் எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாம் வகுப்பிலிருந்து தாராளமாக வாங்கலாம். ஒன்றாம் வகுப்புக்கு வாய்ப்பேச்சே போதும். அப்புறம், வளையங்கள் வரும் கவர் சீக்கிரம் கிழிந்துவிடுகிறது; ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.